பிள்ளையை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? மரபுக் கத்தோலிக்கரின் தீராத வழக்கு

இலத்தீன் பூசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களில், குறிப்பாக அமெரிக்காவில், மூத்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு வந்தால் வீட்டுக்குள் ஒரு வழக்கு தொடங்கிவிடும். இவர்களில் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையை, கடவுள் நம்பிக்கையையே ஏளனமாகப் பார்க்கும் ஒரு வளாகத்தில் கொண்டுபோய் விடுவதா என்று ஒருவர் கேட்பார். பட்டம் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் வேலை கொடுப்பார்கள் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த வழக்குக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயது என்பதும், திருச்சபை பல தீர்ப்புகளைச் சொல்லிப் பார்த்து, சிலவற்றைத் தானே திரும்பப் பெற்றிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில், யார் இந்த மரபுக் கத்தோலிக்கர்? உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன் பிறகு திருப்பலி, அதாவது பூசை, நடக்கும் முறை மாறியது, மறைக்கல்வியின் தொனி மாறியது. அந்த மாற்றங்களை ஏற்க மனமில்லாமலோ, ஏற்றாலும் பழைய முறையே ஆன்மாவுக்கு உகந்தது என்று கருதியோ பழைய இலத்தீன் திருப்பலியோடு நின்றவர்கள் இவர்கள். எல்லாரும் ஒரே அணி அல்ல. பேராயர் மார்செல் லெஃபெவ்ர் 1970இல் தொடங்கிய புனித பத்தாம் பத்திநாதர் குருத்துவச் சபையோடு போனவர்கள் உண்டு. 1988இல் அவர் உரோமையின், அதாவது திருத்தந்தையின் (போப்பின்), அனுமதி இல்லாமல் ஆயர்களைத் திருநிலைப்படுத்தியபோது அவரை விட்டுப் பிரிந்து, உரோமையோடு ஒன்றிப்பில் இருந்துகொண்டே பழைய திருப்பலியைக் காக்கும் குருக்களோடு போனவர்களும் உண்டு. சாதாரணப் பங்குக் கோயில்களிலேயே இருப்பவர்களும் உண்டு. 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பழைய திருப்பலிக்குக் கதவைத் திறந்துவிட, 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மீண்டும் ஒருக்களித்தார். இப்படி எப்போதும் ஓரத்திலேயே நிற்பதாக உணரும் ஒரு சமூகத்துக்குப் பிள்ளைகளின் கல்வி என்பது சம்பளத்துக்கு முன்னால் விசுவாசத்தைக் கைமாற்றும் விஷயம். அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அவர்களுடைய அச்சம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகையாகத்தான் தெரியும்.

எதை மேற்கோள் காட்டுகிறார்கள்

வேண்டாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆவணங்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று, திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1929 டிசம்பர் 31 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட சுற்றுமடல். சமயம் சார்பற்ற பள்ளி என்று ஒன்று இருக்கவே முடியாது, நடைமுறையில் அது சமயமற்ற பள்ளியாகத்தான் போய் முடியும் என்பது அதன் சாரம். மற்றொன்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1374ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கரல்லாதார் நடத்தும் பள்ளிக்கோ, எந்தச் சமயத்தையும் சாராத பள்ளிக்கோ, பல சமயப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் பள்ளிக்கோ போகக் கூடாது என்று அது சொன்னது.

இந்தப் பிரிவை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் பின்பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எந்தச் சூழ்நிலையில், என்ன பாதுகாப்புகளோடு அத்தகைய பள்ளிகளில் படிப்பதைச் சகித்துக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அதே பிரிவு ஆயரிடம் ஒப்படைக்கிறது. ஆக, கதவை முழுக்க அடைத்துப் பூட்டிய சட்டம் ஒருபோதும் இருந்ததில்லை. இப்போது நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறது. கத்தோலிக்கம் அல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கு ஆன்ம உதவி தரும் கத்தோலிக்க மையங்கள் இருக்குமாறு ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 813ஆம் பிரிவு. பிள்ளைகள் அங்கே போவார்கள் என்பதை எடுத்துக்கொண்டுதான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது.

பல்கலைக்கழகம் என்பதே திருச்சபை பெற்ற பிள்ளைதானே, அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் திரும்பி வந்தால் போதுமே என்றும் சிலர் ஏங்குவதுண்டு. அந்தக் காலம் அப்படியொன்றும் அமைதியானதல்ல. 1229இல் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், பாரிஸ் புறநகர் மதுக்கடை ஒன்றில் மாணவர்களுக்கும் கடைக்காரருக்கும் பணம் கொடுப்பதில் தகராறு. அடிபட்டுப் போன மாணவர்கள் மறுநாள் தடிகளோடு திரும்பி வந்தார்கள். அரச காவலர்கள் புகுந்து சில மாணவர்களைக் கொன்றார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைக் காலிசெய்து போக, பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு முடங்கிக் கிடந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் உரிமைப் பட்டயம் என்று கொண்டாடப்படும், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் 1231ஆம் ஆண்டு ஆணை இந்தச் சண்டையைத் தீர்க்க வந்ததுதான். பாடத்திட்டத்தின் நிலைமையும் அதேதான். 1210இல் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாரிஸில் கற்பிக்கத் தடை. 1277இல் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கூற்றுகளைக் கண்டனம் செய்தார். மூன்று ஆண்டுக்கு முன் இறந்திருந்த தாமஸ் அக்குவினாஸின் சில கருத்துகளையும் அந்தப் பட்டியல் தொட்டது. 1323இல் அவர் புனிதரானார். அவரைத் தொட்ட பகுதி 1325இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று மரபுக் கத்தோலிக்கர் பாதுகாப்பான அறிவின் அளவுகோலாக வைத்திருக்கும் மனிதர், தம் காலத்துப் பல்கலைக்கழகத்தில் ஆபத்தான புதுமைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியவர்.

தடை போட்டுப் பார்த்த காலம்

இன்றைய விவாதத்துக்கு நேரான முன்னோடி 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கிறது. 1845இல் பிரித்தானிய அரசு அயர்லாந்தில் மதச் சார்பில்லாத அரசுக் கல்லூரிகளை நிறுவியது. கடவுளற்ற கல்லூரிகள் என்று அவற்றுக்குப் பெயர் விழுந்தது. 1850இல் தர்ல்ஸ் நகரில் கூடிய ஆயர் சங்கம் அவற்றைக் கண்டித்தது. மாற்று வேண்டுமே? ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்திருந்த ஜான் ஹென்றி நியூமனை அழைத்து, 1854இல் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். பல்கலைக்கழகம் எதற்காக என்ற அவருடைய புகழ்பெற்ற சொற்பொழிவுகள் இந்த முயற்சியை ஒட்டிப் பிறந்தவையே.

சொற்பொழிவுகள் நிலைத்தன, பல்கலைக்கழகம் தள்ளாடியது. அதன் பட்டங்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்காக நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயாராக இல்லை. 1858இல் நியூமன் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் அதன் ஒரு கிளை மட்டும் செழித்தது, சிசிலியா தெருவில் இருந்த மருத்துவப் பள்ளி. அங்கே படித்தவர்கள் மருத்துவ அமைப்புகளின் தேர்வெழுதி, தொழில் செய்யும் உரிமம் பெற முடிந்தது. அதனால் வகுப்புகள் நிரம்பின. கல்வியைப் பற்றி அந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த உரைகளை வைத்திருந்த நிறுவனத்தைக் கடைசியில் தாங்கிப் பிடித்தது உடற்கூறியல் வகுப்பும் உரிமத் தேர்வும்தான். மாற்றுக் கல்லூரி தொடங்கக் கனவு காண்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது.

இங்கிலாந்தில் கதை இன்னும் கசப்பானது. ஆக்ஸ்ஃபர்டில் சேரும் மாணவர் ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கை விதிகளில் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் 1854இல் தளர்ந்தது. 1871இல் மற்ற சமயத் தடைகளும் பெரும்பாலும் ஒழிந்தன. நாடு கதவைத் திறந்த நேரத்தில் ஆயர்கள் கதவை அடைத்தார்கள். அங்கே போகும் மாணவரின் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெரும் ஆபத்து என்று 1867இல் உரோமை எச்சரித்தது. ஆக்ஸ்ஃபர்டில் கத்தோலிக்க மாணவர்களுக்குத் துணையாக ஓர் இல்லம் அமைக்க நியூமன் நிலம்கூட வாங்கினார். கத்தோலிக்கப் பேராயர் மானிங்கின் தரப்பு அதை நடக்கவிடவில்லை. பதிலாக 1870களின் நடுவில் லண்டன் கென்சிங்டனில் மானிங் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரி பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. வசதியான குடும்பங்கள் தடையையும் மீறி ஆக்ஸ்ஃபர்டுக்கே பிள்ளைகளை அனுப்பின. தடைக்குக் கீழ்ப்படிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு போயிற்று, மீறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே மாணவருக்கென்று ஒரு ஆன்ம குருவின் துணைகூடக் கிடைக்கவில்லை. மானிங் 1892இல் இறந்தார். 1895இல் உரோமை தடையை எடுத்தது. விதித்த நிபந்தனை, ஒரு ஆன்ம குரு இருக்க வேண்டும், கத்தோலிக்க மாணவருக்குத் தனி உரைகள் நடக்க வேண்டும் என்பது. முப்பது ஆண்டுக்கு முன் நியூமன் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

அயர்லாந்தில், ஆங்கிலிக்கன் மரபில் வந்த டப்ளின் ட்ரினிட்டி கல்லூரிக்குக் கத்தோலிக்கர் போவதற்கு ஆயர்கள் விதித்த தடை 1970 வரை நீடித்தது. பேராயர் ஜான் சார்ல்ஸ் மக்வேட் அதை மிகக் கறாராக நடத்தினார். அந்தக் கறாரால் காக்கப்பட்டதாகக் கருதப்பட்ட தலைமுறையின் அயர்லாந்து அடுத்த சில பத்தாண்டுகளில் எவ்வளவு வேகமாகத் திருச்சபையை விட்டு விலகியது என்பது தெரிந்ததே. அதற்குத் தடைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. தடையால் அதை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

பெயர்ப் பலகையை நம்பலாமா

"சரி, மதச்சார்பற்ற வளாகம் வேண்டாம், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவோம்" என்றால் அமெரிக்காவில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 1967 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தலைவர் அருள்தந்தை தியடோர் ஹெஸ்பர்க்கின் முன்முயற்சியில் கத்தோலிக்கக் கல்வியாளர் சிலர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கல்விச் சமூகத்துக்கு வெளியே உள்ள எந்த அதிகாரத்திடமிருந்தும், அது திருச்சபை அதிகாரமாக இருந்தாலும், பல்கலைக்கழகத்துக்கு உண்மையான தன்னாட்சி வேண்டும் என்றது அந்த அறிக்கை. அதே ஆண்டில் நோட்டர் டேமும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமும் பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள்) பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழுக்களின் கைக்கு மாறின. அதே ஆண்டில் வாஷிங்டனில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் திருச்சபைப் போதனையோடு மாறுபட்டுப் பேசிய இறையியல் பேராசிரியர் சார்ல்ஸ் கரனைப் பணியில் தொடரவிடாமல் செய்ய முயன்றபோது, மாணவரும் ஆசிரியரும் வகுப்பைப் புறக்கணிக்க, நிர்வாகம் பின்வாங்கியது. அவர் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று உரோமை அறிவிக்க 1986 ஆகிவிட்டது.

மரபுக் கத்தோலிக்கர் இதை நேராகத் துரோகம் என்றே சொல்வார்கள். அதில் கொள்கை மாற்றம் இருந்தது உண்மை. ஆனால் பணமும் இருந்தது. அரசு மானியம் கல்லூரிகளை நோக்கிப் பாயத் தொடங்கிய காலம் அது. 1966இல் மேரிலாந்து உயர் நீதிமன்றம், திருச்சபையின் பிடியில் உள்ள கல்லூரிகளுக்கு மாநில மானியம் தருவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. கத்தோலிக்க அடையாளத்தை இறுக்கிப் பிடித்தால் காசு வராது என்ற அச்சம் நிர்வாகிகளுக்கு வந்துவிட்டது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஓர் அமைப்புச் சட்டம் வெளியிட்டார். இறையியல் கற்பிப்பவர் ஆயரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியை வலியுறுத்தினார். நடைமுறையில் அது பல இடங்களில் ஏட்டுச் சுரைக்காய்தான். தம் மகனுக்கு இறையியல் சொல்லித்தரும் பேராசிரியரிடம் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று ஒரு பெற்றோர் கேட்டால், அது தனிப்பட்ட விஷயம் என்ற பதில்கூட வரலாம். என் கணிப்பில் மிக மோசமான தேர்வு இதுதான். பெயருக்குக் கத்தோலிக்கம், கட்டணத்துக்குத் தனியார், உள்ளே மற்ற வளாகங்களிலிருந்து எந்த வேறுபாடும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர் குறைந்தபட்சம் எச்சரிக்கையோடு போவார். இங்கே வருபவர் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி வருகிறார்.

சிறு கல்லூரிகளின் பிறப்பு

இந்த ஏமாற்றத்திலிருந்து புதிய கல்லூரிகள் முளைத்தன. கலிஃபோர்னியாவில் 1971இல் தாமஸ் அக்குவினாஸ் கல்லூரி, வர்ஜீனியாவில் 1977இல் கிறிஸ்டெண்டம் கல்லூரி, நியூ ஹாம்ப்ஷையரில் 1978இல் தாமஸ் மோர் கல்லூரி, 2007இல் முதல் வகுப்பைத் தொடங்கிய வயோமிங் கத்தோலிக்கக் கல்லூரி. கிறிஸ்டெண்டமும் வயோமிங்கும் மத்திய அரசின் மாணவர் நிதியை வாங்குவதில்லை. காசோடு சேர்ந்து கட்டுப்பாடும் வரும் என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன 1960களின் கதையைப் பார்த்தால் அது வீண் பயம் என்று தள்ள முடியவில்லை.

தாமஸ் அக்குவினாஸ் கல்லூரியின் வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பாடநூல் கிடையாது, விரிவுரை கிடையாது, துறைப் பிரிவும் கிடையாது. எல்லாரும் நான்கு ஆண்டும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஒரு மேசையைச் சுற்றிச் சிறு குழுவாக உட்காருகிறார்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து போய், யூக்ளிட்டின் ஒரு தேற்றத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து அடி அடியாக நிறுவுகிறார். இடையில் தடுக்கினால் ஆசிரியர் பாய்ந்து உதவுவதில்லை. சக மாணவர் யாராவது, இந்த அடி முந்தைய அடியிலிருந்து எப்படி வருகிறது என்று கேட்பார். நின்று யோசித்துத் தானே மீள வேண்டும். யூக்ளிட், தாலமி, கோப்பர்னிக்கஸ், நியூட்டன், ஐன்ஸ்டீன் என்று மூல நூல்கள் வழியாகவே பயணம். வயோமிங்கில் முதலாண்டு தொடங்கும் முன்பே மூன்று வாரம் மலைக்காட்டில் முதுகுச்சுமையோடு நடக்கவிடுகிறார்கள், குதிரையேற்றம் கற்றுத்தருகிறார்கள், வளாகத்தில் கைப்பேசிக்கு இடமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஆசைதான்.

குறை எங்கே? முதல் குறை வெளிப்படையானது. இந்தக் கல்லூரிகளில் பொறியியலோ செவிலியர் படிப்போ கிடையாது. மருத்துவராக விரும்புபவர் எப்படியும் பெரிய பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். நான்கு ஆண்டு தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவே. (அந்த நான்கு ஆண்டில் மனம் முதிரும் என்பது கல்லூரிகளின் பதில். வலுவான பதில்தான்.) இரண்டாவது குறையை அவற்றின் நண்பர்களே மெல்லிய குரலில் சொல்வார்கள். ஒரே மாதிரி குடும்பங்கள், ஒரே மாதிரி எண்ணங்கள், மாறுபட்ட கருத்தை நூலில் படிக்கிறார்கள், நேரில் சந்திப்பதில்லை. கடவுளை மறுத்த தத்துவவாதி நீட்ஷேயைப் படித்து மறுப்பதும், நீட்ஷேயை நம்பும் அறைத்தோழனோடு இரவு இரண்டு மணிவரை பேசி மறுப்பதும் ஒன்றாகுமா?

கான்சாஸில் நடந்தது

இந்த வழக்கில் யாரும் எதிர்பார்க்காத சாட்சி ஓர் அரசுப் பல்கலைக்கழகம். 1970இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் சீனியர், டென்னிஸ் குவின், ஃபிராங்க் நெலிக் என்ற மூன்று பேராசிரியர்கள் மானுடக் கலைகளுக்கான ஓர் ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கினார்கள். வியப்பில் பிறக்கட்டும் என்பது அதன் இலத்தீன் முழக்கம். மூவரும் மாணவர்கள் முன் உட்கார்ந்து, குறிப்பு இல்லாமல், ஹோமரையோ அகுஸ்தினாரையோ பற்றித் தங்களுக்குள் உரையாடுவார்கள். மாணவர்கள் குறிப்பெடுக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். கவிதைகளை மனப்பாடம் செய்தார்கள். இரவில் வெளியே போய் விண்மீன்களைப் பார்த்தார்கள். நடனம் கற்றார்கள். மறைக்கல்வி வகுப்பு அங்கே நடக்கவில்லை. ஆனாலும் மாணவர்கள் பலர் கத்தோலிக்கத்துக்கு வந்தார்கள்.

மதமாற்றம் நடக்கிறது என்று புகார் எழுந்தது. நிர்வாகம் படிப்பை மெல்ல மெல்லக் குறைத்து, பத்தாண்டு முடிவதற்குள் ஒழித்துக்கட்டியது. அதற்குள் மாணவர்களில் சிலர் பிரான்சில் ஃபோங்கோம்போ துறவற மடத்துக்குப் போய் பெனடிக்ட் சபைத் துறவிகளாகிவிட்டார்கள். அந்த மடம் 1999இல் ஓக்லஹோமாவில் கிளியர் கிரீக் மடத்தை நிறுவியபோது அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். இன்று அமெரிக்க மரபுக் கத்தோலிக்கர் பலர் ஆன்ம ஓய்வுக்குப் போகும் இடம் அது. ஓக்லஹோமா நகரப் பேராயர் பால் கோக்லியும், நெப்ராஸ்காவின் லிங்கன் ஆயர் ஜேம்ஸ் கான்லியும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களே. அரசுப் பணத்தில், மதச்சார்பற்ற வளாகத்தில், மூன்று ஆசிரியர்களால் இது நடந்தது. ஆயரின் ஒப்புதல் பெற்ற இறையியல் துறைகள் எத்தனை இப்படி ஒரு மடத்துக்கு விதை போட்டன?

இதே காட்சியின் பழைய வடிவம் பாரிஸில் உண்டு. 1831இல் சட்டம் படிக்க அங்கே வந்த பிரெதெரிக் ஓசனாம், சோர்போன் வகுப்புகளில் திருச்சபை தாக்கப்படுவதைக் கண்டார். தத்துவப் பேராசிரியர் ஜூஃப்ருவா இறைவெளிப்பாட்டைச் சாடியபோது, ஓசனாமும் தோழர்களும் வெளிநடப்பு செய்யவில்லை. மறுப்பை எழுதிக் கொடுத்து, வகுப்பில் வாசிக்கவும் வைத்தார்கள். பேராசிரியர் கொஞ்சம் இறங்கி வந்தார். பிறகு இன்னொரு விவாதத்தில், உங்கள் திருச்சபை பழங்காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வி தைத்தது. 1833இல் ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபை பிறந்தது. பகைமை நிறைந்த வளாகம் இல்லாவிட்டால் அந்தச் சபையே இருந்திருக்காது. ஆனால் ஓசனாம் தனியாக இருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்திடத் தோழர்கள் இருந்தார்கள், வழிகாட்ட எம்மானுவேல் பாயி என்ற மூத்தவர் இருந்தார்.

இதனால்தான், எதிர்க்கும் பேராசிரியரைப் பற்றிய பயம் தவறான இடத்தில் வைத்த பயம் என்று நினைக்கிறேன். அவர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வருவார். விசுவாசம் கரைவது விடுதியில், வெள்ளிக்கிழமை இரவுகளில், ஞாயிறு காலை எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஒருவரும் இல்லாத அறைகளில். வாதத்தில் தோற்று விசுவாசத்தை இழப்பவர் குறைவு. தனியாக இருந்து, பழக்கம் விட்டுப்போய், ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லாமல் போனவர்களே அதிகம். 1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் நியூமன் மன்றத்தை, அதாவது கத்தோலிக்க மாணவர் மன்றத்தைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இலத்தீன் பூசை அரை மணி நேரத் தொலைவில் இருக்கும், நாலைந்து கத்தோலிக்கப் பிள்ளைகள் சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், யாரையும் தெரியாத பெரிய கத்தோலிக்க வளாகத்தைவிடப் பாதுகாப்பானது.

பெண் பிள்ளைகள்

இந்த வழக்கில் ஒரு தனிக் கிளை உண்டு. பத்தாம் பத்திநாதர் சபையில் அப்போது இருந்த ஆயர் ரிச்சர்ட் வில்லியம்சன், பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகக் கூடாது என்று 2001இல் ஒரு மடல் எழுதினார். தாய்மைக்கும் அத்தகைய படிப்புக்கும் ஒத்துவராது என்பது அவர் வாதம். 2012இல் வேறு காரணங்களுக்காகச் சபை அவரை வெளியேற்றியது. ஆனால் அந்த மடலின் வாதம் இன்னும் சில குடும்பங்களில் உலவுகிறது.

மரபு என்ற பெயரில் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. 1732இல் போலோஞா பல்கலைக்கழகத்தில் லௌரா பாஸி பட்டம் பெற்று இயற்பியல் கற்பித்தபோது, அவருக்குப் பின்பலமாக நின்றவர் அந்த ஊர்ப் பேராயர் கர்தினால் லாம்பர்த்தினி. அவர்தான் பிறகு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட். எடித் ஸ்டெயின் 1916இல் ஹுசேர்லிடம் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார், 1922இல் திருமுழுக்கு பெற்றார், பெண்கல்வி பற்றி ஊர் ஊராக உரையாற்றினார், கார்மேல் துறவியாகி 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இன்று அவர் புனிதர். எலிசபெத் ஆன்ஸ்கம்ப் ஆக்ஸ்ஃபர்டில் மாணவியாக இருந்தபோதே கத்தோலிக்கரானார், ஏழு பிள்ளைகளைப் பெற்றார், 1970இல் கேம்பிரிட்ஜில் தத்துவப் பேராசிரியரானார். அணுகுண்டு வீச உத்தரவிட்ட ட்ரூமனுக்கு 1956இல் ஆக்ஸ்ஃபர்டு கௌரவப் பட்டம் கொடுத்தபோது வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். கருத்தடை பற்றிய திருச்சபைப் போதனைக்காக அவர் வாதாடியதைப் போல வாதாடிய ஆண் தத்துவவாதிகள் அதிகம் இல்லை.

கடன் என்ற கணக்கு

விசுவாசத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த வட்டாரத்தில் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டும். அமெரிக்காவில் கல்விக் கடன் மொத்தமாக 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. திவால் ஆனாலும் அது எளிதில் கழியாது. இது மற்றவர்களைவிட மரபுக் கத்தோலிக்கரை இரட்டிப்பாகக் கடிக்கிறது. இருபத்திரண்டு வயதில் திருமணம், நிறையப் பிள்ளைகள், தாய் வீட்டிலிருந்து பாடம் சொல்லித்தருவது என்பது அவர்கள் வாழ்க்கைத் திட்டம். இரண்டு பேரும் கல்விக் கடனோடு வந்தால் அந்தத் திட்டம் முதல் மாதமே உடையும். துறவறத்துக்கு இறையழைத்தல் உள்ளவருக்கோ நேரடியாகச் சட்டமே குறுக்கே நிற்கிறது. அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவு இல்லத்தில், அதாவது துறவுப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்கிறது 1983 சட்டத் தொகுப்பின் 644ஆம் பிரிவு. பிள்ளையின் விசுவாசத்தைக் காக்கவென்று விலையுயர்ந்த கத்தோலிக்கக் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்த்து, அந்தக் கடனாலேயே அவர் மடத்தின் வாசலில் நிறுத்தப்படுவது நடக்கிறது. இப்படிப்பட்டவர்களின் கடனை அடைக்க நிதி திரட்டுவதற்கென்றே லபூரே சங்கம் போன்ற அமைப்புகள் இயங்குகின்றன.

ஆகவே என்னைக் கேட்டால், முதலில் படிப்பின் பெயரைக் கேட்பேன். மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் என்று உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் சிசிலியா தெருவின் பாடம் பொருந்தும், அங்கீகாரம் உள்ள இடத்துக்குப் போகத்தான் வேண்டும். மருத்துவம் படிப்பவரைக் கருக்கலைப்பில் பங்கெடுக்கக் கட்டாயப்படுத்துவார்களோ என்ற அச்சத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் 1973 முதலும், பயிற்சி மருத்துவருக்கு 1996 முதலும் பாதுகாப்பு விதிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு போவது பெற்றோரின் வேலை. இலக்கியம், தத்துவம், வரலாறு என்றால் சிறு கல்லூரிகள் பெரும்பாலான பெரிய துறைகளைவிட நன்றாகவே கற்பிக்கின்றன, உதவித்தொகை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். என்ன படிப்பதென்றே தெரியாத பிள்ளையைக் கடன் வாங்கி எங்கும் அனுப்பக் கூடாது. இரண்டு ஆண்டு வேலைக்குப் போகட்டும்.

கைத்தொழில் பக்கமும் இப்போது காற்று அடிக்கிறது. ஒஹாயோ மாநிலம் ஸ்டூபன்வில்லில் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்த தொழிலாளர் புனித யோசேப்பு கல்லூரி, கத்தோலிக்கவியலில் இளநிலைப் பட்டத்தையும் தச்சு, மின்பணி, குழாய்ப்பணி போன்ற தொழில் பயிற்சியையும் ஒன்றாகத் தருகிறது. கடனில்லாமல் வெளியே அனுப்புவதே அதன் நோக்கம். தொழிலாளர் சந்தையின் உரிமத்தை அது மதிக்கிறது, அதனால் நியூமனின் டப்ளின் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர வேண்டியதில்லை. காலையில் அக்குவினாஸ், மாலையில் மின்சுற்று என்பதைப் படிப்பு முடியும்வரை தாக்குப்பிடிக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் முதல் அணிகள் வெளியே வந்த பிறகே தெரியும்.